ரூகர் 10/22: பேரல் மாற்றிய பிறகு குறி சிதறுகிறதா?

வணக்கம். டெக்சாஸில் ரூகர் 10/22 என்ற .22 ரைஃபிளுக்குக் கனத்த பேரல் (குழல்) போட்டபின் 50 கஜத்தில் மூன்று அங்குலம் சிதறுகிறது, புது ட்ரிகர் (விசை) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ட்ரிகர் மட்டுமே இவ்வளவு சிதறலுக்குக் காரணமாக இருக்காது.

மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்துவிட்டு, பேரலுக்கும் அதைத் தாங்கும் கட்டைக்கும் (ஸ்டாக்) நடுவே ஒரு டாலர் நோட்டை நுழைத்து இழுத்துப் பாருங்கள். மெல்லிய பேரலுக்காகச் செய்த கட்டையைத் தேய்த்து 0.920 அங்குலப் பேரலை உட்கார வைத்திருந்தால், நோட்டு சிக்கும் இடத்தில் உரசிக்கொண்டிருக்கும். சூடேறச் சூடேறக் குறி நகரும். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) தாங்கியின் திருகுகளையும் பாருங்கள், அடிக்கடி தளர்வது அவைதான்.

அப்புறம் தோட்டா. என் பார்வையில் பாதிப் பிரச்சினை இங்கேதான். மொத்தமாக வரும் மலிவான அதிவேகத் தோட்டாக்கள் நொடிக்கு 1,200 அடிக்கு மேல் கிளம்பி, போகிற வழியில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகின்றன. அந்த இடத்தில் குண்டு தடுமாறும். நொடிக்கு 1,070 அடி வேகமுள்ள சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி என்ற தோட்டா தொடக்கத்திலிருந்தே ஒலிக்குக் கீழேதான் போகும். அதில் ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பேரலுக்கும் பிடித்த தோட்டா வேறு, அதனால் இன்னும் இரண்டு மூன்று வகைகளையும் முயலுங்கள்.

கையால் போல்ட்டை (தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளும் பாகத்தை) இழுத்து ஏற்றும் முதல் தோட்டா சில துப்பாக்கிகளில் தனியே விலகி விழும். அதைக் கணக்கில் சேர்க்காமல் மீதியை அளந்து இங்கே எழுதுங்கள்.