தளபதி ஃபான் எப்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியான வைமர் குடியரசின் வீழ்ச்சி குறித்த தங்கள் கட்டுரையில் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துத் தளபதி ஃபிரான்ஸ் ரிட்டர் ஃபான் எப்பை 'நாஜிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் பழைய பாணி ராணுவ அதிகாரி, பக்தியுள்ள கத்தோலிக்கர், விசாரணையற்ற தடுப்புக் காவலை ஆட்சேபித்தவர், 1933-க்குப் பின் ஓரங்கட்டப்பட்டவர். அவரை நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லரோடு சேர்த்துப் பார்ப்பது நியாயமா?

ச., கோவை

அன்புள்ள ச.,

நீங்கள் குறிப்பிடும் தகவல்கள் சரியானவையே. ஆனால் அவை பெரும்பாலும் 1933-க்குப் பிற்பட்டவை. அப்போது ஃபான் எப்புக்கு வயது 64.

1868-இல் மியூனிக்கில் ஓர் ஓவியரின் மகனாகப் பிறந்தவர் அவர். பெயரிலுள்ள பிரபுப் பட்டம் பிறப்பால் வந்ததன்று, முதல் உலகப் போரில் பெற்ற பவேரிய ராணுவ விருதோடு கிடைத்தது. அதற்கு முன்பே, இன்றைய நமீபியாவான ஜெர்மானியத் தென்மேற்கு ஆப்பிரிக்காவில், ஹெரேரோ மக்களைப் பாலைவனத்துக்குள் விரட்டி அழித்த தளபதி ஃபான் ட்ரோதாவின் படையெடுப்பில் அவர் அதிகாரியாகப் பணியாற்றியிருந்தார். பழைய பாணி என்று நாம் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1919-இல் இடதுசாரிப் புரட்சியாளர்கள் மியூனிக்கில் அமைத்த சோவியத் குடியரசை ஒடுக்கிய படைகளில் அவர் திரட்டிய தன்னார்வப் படையும் ஒன்று. அந்த மே மாத நாட்களில் நகரில் அறுநூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். அவருடைய அதிகாரிகளில் ஒருவர், பின்னாளில் நாஜிகளின் எஸ்.ஏ. படைக்குத் தலைவரான எர்ன்ஸ்ட் ரோம். 1920 டிசம்பரில் நாஜிக் கட்சி தன் பத்திரிகையை விலைக்கு வாங்கியபோது 60,000 மார்க் ஃபான் எப் வழியாக ராணுவ நிதியிலிருந்தே வந்தது. அவர் கட்சியில் சேர்ந்ததோ 1928-இல்தான். உறுப்பினராவதற்கு எட்டாண்டுகள் முன்பே புரவலராகிவிட்டார்.

உங்கள் கேள்விக்கான விடை 1933 மார்ச் 9-இல் இருக்கிறது. பவேரியாவில் முதல்வர் ஹெல்டின் கத்தோலிக்க அரசு பெர்லினிலிருந்த ஹிட்லர் அரசுக்குப் பணிய மறுத்தது. பழைய பவேரிய அரச குடும்பத்து இளவரசர் ரூப்ரெக்டை ஆட்சித் தலைவராக்கும் யோசனைகூட அங்கே பேசப்பட்டது. அத்தகைய மாநிலத்தின் தலையில் ரோமையோ ஹிம்லரையோ உட்கார வைப்பது எளிதன்று. பதக்கங்கள் நிறைந்த மார்பும் 'மாதாவின் தளபதி' என்ற பட்டப்பெயரும் கொண்ட ஒருவரை ஆணையராக அனுப்பினால் ராணுவமும் அதிகாரிகளும் தயக்கமின்றி ஏற்பார்கள் என்பது பெர்லினின் கணக்கு, கணக்கு தப்பவில்லை. அன்றே மியூனிக் காவல்துறையின் பொறுப்பை ஹிம்லரிடம் ஒப்படைத்தவர் ஃபான் எப்தான். இரண்டு வாரம் முடியுமுன்பே, மார்ச் 22 அன்று, மியூனிக்கை அடுத்த டாகாவ் வதை முகாம் திறக்கப்பட்டது.

1934-இல் அவர் எழுப்பிய ஆட்சேபம், மற்ற மாநிலங்களைவிடப் பவேரியாவில் அளவுக்கு மீறிய பேர் காவலில் இருப்பதைப் பற்றியது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். அன்று அவ்வளவு சொன்னவர்களே சிலர்தான். ஆயினும் அது தாம் கையெழுத்திட்டுக் கொடுத்த அதிகாரத்தின் விளைவு என்பதை அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. அதே ஆண்டு ரோம் மியூனிக் ஸ்டாடெல்ஹைம் சிறையில் சுடப்பட்ட பிறகும் பதவியை விடவில்லை. ஓரங்கட்டப்பட்டவர் என்கிறீர்கள், ஓரத்தில் போட்ட நாற்காலியில் 12 ஆண்டுகள் அமர்ந்திருந்தார், கூடவே இழந்த காலனிகளைத் திரும்பப் பெறுவதற்கான அமைப்புகளுக்கும் தலைமை தாங்கினார்.

அந்த நற்பெயருக்கு ஒருமுறை நல்ல பயன் கிடைத்திருக்கக்கூடும். 1945 ஏப்ரல் இறுதியில், கேப்டன் கெர்ன்கிராஸின் தலைமையில் மியூனிக்கில் கிளர்ந்த சிறு ராணுவக் குழு, ஃபான் எப்பின் பெயரால் சரணடைதலை அறிவிக்க விரும்பி அவரை அணுகியது. அவர் மறுத்தார். கிளர்ச்சி சில மணி நேரத்தில் அடங்கியது; அதன் வானொலி அழைப்பை நம்பி முன்வந்த பென்ஸ்பெர்க் என்ற சுரங்க ஊரில் மட்டும் 16 பேர் கொல்லப்பட்டனர். ஃபான் எப் அமெரிக்கர்களின் காவலில், வழக்கு விசாரணை எதையும் சந்திக்காமலே இறந்தார்.

ஹிம்லரின் குற்றங்களை அவர்மேல் ஏற்ற மாட்டேன். கட்டுரையில் எழுதிய அந்த வரியை மாற்றவும் மாட்டேன்.