உண்ணிச்செடியா, முயலா: எதை முதலில் அகற்றுவது?

கேள்வி: தேன்கனிக்கோட்டை வட்டத்தில், காப்புக்காட்டை ஒட்டிய மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் அவரையும் பயிரிடுகிறேன். வரப்போரத்தில் உண்ணிச்செடி மண்டிவிட்டது. அதில் தங்கும் முயல்கள் இளம் அவரையைக் கடித்துவிடுகின்றன. கண்ணி வைப்பதா, புதரை அழிப்பதா?

பதில்: புதரைத்தான் அழிக்க வேண்டும். முயலைக் கண்ணி வைத்துப் பிடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றம். சொந்தப் பட்டா நிலம் என்பதால் விலக்குக் கிடையாது.

கடித்தது முயல்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்வாகச் சீவியது போலிருக்கும், அருகில் உருண்டையான காய்ந்த புழுக்கைகள் கிடக்கும். மேல்தாடையில் முன்பற்கள் இல்லாத மானோ தண்டைப் பிய்த்து இழுப்பதால் வெட்டுவாயில் நார் தொங்கும். நம் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புதரடியில் சிறு பள்ளம் பறித்துப் பகலெல்லாம் அதில் படுத்திருந்து, இருட்டிய பின் மேய வரும். ஆகவே புதர் போனால் அதன் பகல் மறைவிடமும் போய்விடும். முயலால் வரும் சேதமும் பயிர் இளசாக இருக்கும் சில வாரங்களோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

உண்ணிச்செடியின் கேடு அப்படி முடிவதில்லை. வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்ட இது, புல்லை முளைக்கவிடாமல் நிலத்தை மூடுவதோடு, மேய்ந்த ஆடுமாடுகளின் ஈரலைக் கெடுத்து, கண் மஞ்சளாகவும் வெயில் பட்ட தோல் வெடித்து உரியவும் செய்கிறது. (முயலுக்கு உணவான புல்லையே அது அழிப்பதுதான் முயலை உங்கள் அவரைப் பக்கம் தள்ளுகிறது என்பது என் கணிப்பு.)

எரித்தாலோ தரைமட்டத்தில் வெட்டினாலோ தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியிருக்கையில், காய் கறுத்துப் பழுப்பதற்கு முன்பாக, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே மண்ணுக்குள்ளேயே வெட்டி, தூரை வேர் மேலே பார்க்கும்படி கவிழ்த்துக் காயவிடுங்கள். காலியான இடத்தில் கொழுக்கட்டைப் புல்லை உடனே விதையுங்கள். வெட்டுவது பட்டா எல்லைக்குள் மட்டும் இருக்கட்டும். காப்புக்காட்டுப் பக்கம் வனத்துறை அனுமதியின்றிக் கைவைக்க வேண்டாம்.

இந்தப் பட்டத்துக்குப் புதர் வேலை முடியாவிட்டால், அவரை முளைத்தவுடன் மூன்றடி உயரக் கம்பி வலையை, அடிவிளிம்பு மண்ணில் புதையும்படி கட்டினால் போதும். கொண்டைக்குருவியும் மைனாவும் உண்ணிப்பழம் தின்று எச்சமிடுவதால், அவை வந்தமரும் மரத்தடிகளில் அடுத்த மழைக்குப் பிறகு நாற்றுகள் தென்படும். அவற்றைக் கையாலேயே பிடுங்கிவிடலாம்.