சாலிப்புழாவில் ஆறடி அருவியில் கயாக்கோடு இறங்கலாமா? முட்டுக்காட்டில் ஓட்டிப் பழக்கமுண்டு

ஜூலையில் கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி பக்கம் நடக்கும் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் காணொளி எதையோ பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி வந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். 2013-ல் தொடங்கிய கயாக் (துடுப்பால் ஓட்டும் குறுகிய படகு) போட்டி அது. சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழா என்ற இரண்டு ஆறுகளில் நடக்கிறது. அதில் இறங்குகிறவர்கள் பல வருடம் வெள்ளத்திலேயே பழகியவர்கள். முட்டுக்காட்டுப் பழக்கம் துடுப்பு போடக் கற்றுத்தரும். வெள்ளத்தில் கவிழ்ந்தால் நிமிர அது உதவாது. கவிழ்ந்த படகை உட்கார்ந்தபடியே துடுப்பால் நிமிர்த்துவதுதான் ரோல். இரண்டு பக்கமும் அது வரவில்லை என்றால் இந்த வருடம் கரையில் நின்று பாருங்கள்.

ஆறடி என்பது ஒரு பொருட்டே இல்லை. விழுகிற இடத்தில் தண்ணீர் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. பாறைப்படியிலிருந்து விழும் நீர் அடியாழம் போய், சற்றுத் தள்ளிக் கொதிப்பதுபோல் மேலே எழும். எழுந்ததில் ஒரு பகுதி கீழ்நோக்கி ஓடும், மறு பகுதி படியின் காலுக்கே திரும்பி உருண்டு வரும். ஓட்டுகிறவர்கள் இதைத்தான் ஹோல் என்கிறார்கள். படியின் காலிலிருந்து கொதிக்கும் கோடு எவ்வளவு தூரம் என்று கரையில் நின்று கண்ணால் அளக்க வேண்டும். உங்கள் படகின் நீளத்துக்குள், அதாவது இரண்டரை மீட்டருக்குள் இருந்தால் வேகத்தோடு தாண்டிவிடலாம். அதற்கு மேல் என்றால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பது உத்தமம். இன்னொன்று, ஹோலின் இரு முனைகளும் கீழ்நீர் பக்கம் வளைந்திருந்தால் மாட்டினாலும் ஓரம் வழியாகத் தள்ளிவிடும். மேல்நீர் பக்கம் வளைந்திருந்தால் எந்த ஓரத்திலிருந்தும் நடுவுக்கே கொண்டுவந்து சேர்க்கும். நாலடிப் படி ஆளை விடாமல் பிடித்துக்கொள்வதும், பத்தடிப் படி துப்பிவிடுவதும் இதனால்தான்.

இறங்கும் முறைக்கு பூஃப் என்று பெயர். படகின் மூக்கை விழவிடாமல், ஹோலைத் தாண்டிக் கிட்டத்தட்ட மட்டமாக இறக்குவது. விளிம்புக்கு முன் நாலைந்து துடுப்பு வலிப்பு சீராகப் போட்டு வேகம் பிடியுங்கள். கீழே ஓரத்தில் அமைதி நீர் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் மூக்கைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். கடைசி வலிப்பு, பாதம் விளிம்பைத் தாண்டும் அந்த நொடியில், துடுப்பு செங்குத்தாக, கையை எட்ட நீட்டி விளிம்பிலேயே ஊன்றியதாக இருக்க வேண்டும். இடுப்புவரை இழுங்கள். இழுக்கும்போதே இடுப்பை முன்னே தள்ளி முழங்கால்களை உயர்த்துங்கள். தரையிறங்கும்போது உடம்பு முன்னே குனிந்திருக்கட்டும்.

தவறுவது எங்கே என்றால், பெரும்பாலும் நேரத்தில்தான். வலிப்பு முந்திவிட்டால் மூக்கு குத்திக்கொண்டு போகும். பிந்திவிட்டால் துடுப்பு காற்றைத்தான் வலிக்கும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் படகின் வால் ஹோலில் மாட்டி, அப்படியே பின்பக்கமாகக் கவிழ்க்கும். மூன்று மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், நுரையில்லாத பச்சைத் தண்ணீரில் மட்டமாக இறங்கினால் முதுகெலும்பு நொறுங்கக்கூடும். அங்கே மூக்கைச் சாய்த்து உள்ளே விட வேண்டும், அதற்கு ஆழம் வேண்டும். ஆழமில்லாத இடத்தில் மூக்கு பாறையில் குத்தினால் கணுக்கால்கள் போய்விடும்.

ஆழத்தை எப்படி அறிவது? மழையாறு நமக்குச் செய்யும் பெரிய உபகாரம் இதுதான். பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் மெலிந்து கிடக்கும்போது போய்ப் படியின் அடியைப் பாருங்கள். குடைந்த பாறை, உள்ளே போகும் பொந்து, சிக்கிக்கிடக்கும் மரம் எல்லாம் அப்போது தெரியும். படம் எடுத்து வையுங்கள். ஆனால் அந்தப் படம் தாய்ப்பாறைக்கு மட்டும்தான் செல்லும். உருளைக் கற்களையும் மூங்கில், கமுகு மரங்களையும் ஒவ்வொரு மழைக்காலமும் இடம் மாற்றிவிடும்.

அடுத்தது நீர்மட்டம். மேலே வயநாட்டு மலையில் கொட்டுகிற மழை கீழே உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டிய அவசியமில்லை. வானிலைத் துறையின் ஆரஞ்சு எச்சரிக்கைக்கு 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மி.மீ. மழை என்று பொருள். அன்றைக்கு ஆற்றுப் பக்கமே போகாதீர்கள், சிவப்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம். போன பிறகு, நீரின் ஓரத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக் கால் மணிக்கு ஒருமுறை பாருங்கள். நிறம் பச்சையிலிருந்து செம்மண்ணாவது, சருகும் சுள்ளியும் மொத்தமாக வருவது, இரைச்சல் கனப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் கரையேறிவிடுங்கள். மழை பெய்துகொண்டே இருக்க, ஆறு திடீரென்று வற்றினால் இன்னும் வேகமாக ஏறுங்கள். மேலே மண் சரிந்து ஆற்றை அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் வருவது தண்ணீர் மட்டுமாக இருக்காது. 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலையை அழித்தது என்ன என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். அதே சாலியாற்றின் கிளைகள்தான் சாலிப்புழாவும் இருவஞ்ஞிப்புழாவும்.

சாமான்கள்: மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்த, கனமான பிளாஸ்டிக் க்ரீக் படகு. உங்கள் எடை 75 கிலோ என்றால் சுமார் 300 லிட்டர் கொள்ளளவு. பின்பக்கம் காற்றுப்பை கட்டாயம். அது இல்லாமல் படகு நிரம்பினால் லிட்டருக்கு ஒரு கிலோ கணக்கில் பாரம், யாராலும் இழுக்க முடியாது. தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றிப் படகை மூடுவது ஸ்ப்ரே ஸ்கர்ட். அதைக் கழற்ற இழுக்கும் வளையம் வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் தோளில் பிடித்துத் தூக்கினால் காது வரை ஏறக் கூடாது. 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு அடங்கிய எறிபையோடு ஒருவர் கொதிக்கும் கோட்டுக்குக் கீழே கரையில் நிற்க வேண்டும், கயிற்றை உடம்பில் கட்டிக்கொள்ளாமல். நீங்கள் நீந்த நேர்ந்தால் மல்லாந்து, கால்களைக் கீழ்நீர் நோக்கி நீட்டி மிதந்து போங்கள், எழுந்து நிற்காதீர்கள். பாறையிடுக்கில் பாதம் மாட்டினால் வெள்ளம் முன்பக்கமாக அழுத்திவிடும். குறுக்கே விழுந்த மரம் எதிரே வந்தால் மட்டும் இந்த விதி மாறும்: குப்புறத் திரும்பி, தலை முன்னே, அதை நோக்கி வேகமாக நீந்தி மேலே ஏறிவிடுங்கள்.

'இப்படி எழுதி இளைஞர்களைச் சாவுக்கு அனுப்புகிறாயா' என்று யாராவது கேட்பார்கள். ஹெல்மெட்டும் கயிறும் வைத்திருப்பவனைக் கேட்கிற அதே ஆள், அரிப்பாறை அருவியின் பாசிபிடித்த பாறையில் செருப்போடு செல்ஃபி எடுப்பவர்களை ஒன்றும் கேட்பதில்லை.

கேட்க வேண்டியது தடுப்பணைகளைப் பற்றித்தான். மூன்றடிகூட இருக்காது, பார்க்க அழகாக, நேர்கோடாக விழும். கரைக்குக் கரை ஒரே சீராக விழுவதால் திரும்பி உருளும் நீரில் எங்குமே விடுபடும் ஓரம் கிடையாது. இயற்கையான ஆறடிப் படியைவிட இதுவே கொடியது. உடைந்த கான்கிரீட்டில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். மேல்நீரிலிருந்து வருகிறவனுக்குத் தெரிகிறபடி ஒரு பலகை நட எவ்வளவு செலவாகும்? குளிக்கிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள் இங்கே மூழ்கினால் மறுநாள் 'சுழலில் சிக்கி' என்று மூன்று வரி வரும், கட்டினவர்கள் பெயர் வராது. நீங்கள் இறங்கப்போகிற நீளத்தில் எத்தனை தடுப்பணை இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நூறு மீட்டர் முன்பே கரையேறும் இடத்தைக் குறித்துவையுங்கள்.