கடலோரப் போர்க்காலப் பதுங்கு அறைகளை ஏன் இடிக்காமல் விட்டார்கள்?

ஐரோப்பியக் கடற்கரையில் ஜெர்மானியர் கட்டிய பதுங்கு அறைகள் இன்று எதற்குப் பயன்படுகின்றன என்று காரைக்குடி நண்பர் கேட்டிருக்கிறார்.

முதலில், இடிப்பது எளிதன்று. 1942 முதல் 1944 வரை நார்வே தொடங்கி ஸ்பெயின் எல்லை வரை எழுந்த ‘அட்லாண்டிக் சுவர்’ என்ற கடலோரப் பாதுகாப்பு வரிசையில் பலவற்றின் சுவரும் கூரையும் சுமார் 2 மீட்டர் தடிமன். அந்தக் கான்கிரீட்டுக்குள் நெருக்கமாகப் பின்னிய கம்பி. வெடி வைத்துத் தகர்க்கச் செலவு கையைக் கடிக்கும்.

அந்தத் தடிமனே இப்போது வரமாகியிருக்கிறது. சித்திரை வெயிலிலும் நம் செட்டிநாட்டு வீடுகளின் உள்கட்டு குளிர்ந்திருக்கிறதே, அதே கதைதான். நெதர்லாந்தின் வாசனார் மணல்மேடுகளில் உள்ள அறைகளில் வௌவால்கள் பனிக்காலம் முழுவதும் உறங்குகின்றன. உள்ளே உறைபனி எட்டாது, ஈரம் வற்றாது. இத்தகைய இடங்களில் ஆள் நுழையாதபடி வாசலை அடைத்து, வௌவால் பறந்து புகக் குறுகலான கிடைமட்ட இடைவெளி மட்டும் விடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த மறுபயன்பாடு இதுதான்.

டென்மார்க்கின் ஹான்ஸ்ட்ஹோல்ம் பீரங்கித் தளம் அருங்காட்சியகமாகிவிட்டது.

நம் செட்டிநாட்டிலும் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. திறந்தவெளித் தளம் என்பதால் அதை மீண்டும் விமானத்துக்கே பயன்படுத்தலாம் என்ற பேச்சு எழுகிறது. சன்னலற்ற பதுங்கு அறைக்கு அந்த வாய்ப்பு இல்லை.