புது வால்வு வாங்கினால் போதுமா? கிட்டார் ஆம்ப் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் கல்லூரி இசைக்குழுவுக்கு ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் ஆம்ப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். வால்யூம் கூட்டினால் பேஸ் குழைகிறது, பஞ்ச் இல்லை. ‘ஐந்து வால்வையும் மாற்றிவிடுங்கள்’ என்கிறார் கடைக்காரர். அவசியமா? (காட்பாடி)

பதில்: ஐந்தும் வேண்டாம். வால்வு என்பது ஆம்புக்குள் சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய். அந்த ஆம்பில் சின்ன வால்வு மூன்று, 12ஏஎக்ஸ்7. பெரியவை இரண்டு, 6எல்6. சின்னவை பல வருடம் உழைக்கும். பேஸ் குழைவது, சத்தம் சீக்கிரம் நிரம்பிவிடுவது, ‘ம்ம்’ என்ற இரைச்சல் ஏறுவது எல்லாம் பெரும்பாலும் பெரிய வால்வு தேய்ந்ததன் அடையாளங்கள். சின்னவை சரியா என்று பார்க்க ஒரே ஒரு புது 12ஏஎக்ஸ்7 வாங்குங்கள். மூன்று இடத்திலும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேளுங்கள். மாற்றம் தெரியாவிட்டால் சின்னவை நன்றாகவே இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது பென்சிலின் மரமுனையால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிப்பதுபோல் கேட்கும் வால்வை மட்டும் மாற்றினால் போதும். வாங்கிய அந்த ஒன்றும் வீண் இல்லை, கச்சேரிப் பையில் ஸ்பேராகக் கிடக்கட்டும்.

பெரிய இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் பயாஸ் (சும்மா இருக்கும்போது வால்வில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று வைக்கும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஆம்பில் டிபி30 என்ற சோதனைப் புள்ளி இருக்கிறது. இரண்டு வால்வுக்கும் சேர்த்து அங்கே 60 மில்லிவோல்ட் என்பது கம்பெனி அளவு. அதைப் பார்க்காமல் வால்வை மட்டும் செருகித் தருபவரிடம் வேலைக்கூலி கொடுக்காதீர்கள்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ பழைய ஸ்டாக் வால்வு மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். ஆன்லைனில் ‘மேட்ச்டு பேர்’ என்று கூடுதல் விலை வைக்கிறார்கள். எதை நம்புவது? (குடியாத்தம்)

பதில்: ‘மேட்ச்டு பேர்’ என்பது ஒரே அளவு கரண்ட் இழுக்கும் ஜோடி. அதன் கூடுதல் விலைக்கு நியாயம் உண்டு. புஷ்-புல் ஆம்பில் இரண்டு வால்வும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதிகளில் எதிரெதிராக இழுக்கின்றன. இரண்டிலும் ஒரே கரண்ட் ஓடினால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு மையத்தில் டிசி காந்தப்புலம் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். ஒன்று 30, மற்றது 45 மில்லிஆம்ப் என்றால் இரைச்சல் வரும், பேஸ் மெலியும், அதிகம் இழுப்பது முதலில் சாகும். ‘மேட்ச்டு’ என்ற ஸ்டிக்கர் மட்டும் போதாது. எத்தனை வோல்ட்டில் எத்தனை மில்லிஆம்ப் வந்தது என்ற எண் பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். இரண்டின் எண்ணும் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல ஜோடி.

பிராண்ட் பெயருக்கு ரொம்ப மயங்க வேண்டாம். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், சோவ்டெக், டங்-சால் என்று இன்று விற்கும் பெட்டிகள் ரஷ்யாவின் சராடோவ் நகரத்து ஒரே ஆலையிலிருந்து வருகின்றன. ஜேஜே ஸ்லோவாக்கியாவில் செய்கிறார்கள்.

பழைய ஸ்டாக்கில் பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் பெங்களூருவில் செய்த இஎல்84, இசிசி83 (12ஏஎக்ஸ்7-இன் ஐரோப்பியப் பெயர்) கிடைத்தால் வாங்கத் தகுந்தவைதான். ஆனால் கையில் வாங்கிப் பாருங்கள். கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருக்க வேண்டும். அது பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, தொடவே வேண்டாம். பின்களில் மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் ஏற்கெனவே சாக்கெட்டில் ஏறி இறங்கிய வால்வு, பெட்டி மட்டும்தான் புதுசு. சோதித்துக் காட்ட மாட்டேன் என்பவரிடம் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: இரண்டு இஎல்34 போட்ட 50 வாட் ஆம்ப். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், பழைய ரேடியோ பார்த்த அனுபவம் உண்டு. பயாஸை நானே வைக்கலாமா? (ராணிப்பேட்டை)

பதில்: வைக்கலாம். ஆனால் உள்ளே 450 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அது தங்கியிருக்கும். ரேடியோவைவிட இது பெரிய ஆபத்து. திருப்புளியால் ஷார்ட் பண்ணும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரு முனையிலும் உறையிட்ட கிளிப்போடு கட்டி, ஒரு கிளிப்பை சேசிஸிலும் மற்றதைக் கண்டன்சரின் பாசிட்டிவிலும் சில நொடி மாட்டுங்கள். பிறகு மீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். அளக்கும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். மோதிரம், கைச்சங்கிலி வேண்டாம். வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

முதலில் பழைய வால்வுகளைக் கழற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பைத் தாண்டியே கரண்ட் ஆம்புக்குப் போகும் சீரிஸ் போர்டு வழியாக ஆம்பைப் போடுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட், அதைத் தீர்க்காமல் புது வால்வை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அடுத்ததைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வால்வு இல்லாத சாக்கெட்டில், பயாஸ் வோல்ட்டேஜ் வரும் ஐந்தாம் பின்னை அளக்க வேண்டும். சீரிஸ் போர்டை எடுத்துவிட்டு நேர் கரண்டில், ஸ்டாண்ட்பை சுவிட்சையும் ஆன் (வாசிக்கும் நிலை) செய்து, இரண்டு சாக்கெட்டிலும் பாருங்கள். மைனஸ் 35, 40 வோல்ட் என்ற அளவில் வர வேண்டும், இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண். ஒன்றில் மைனஸ் குறைந்தோ பூஜ்யமாகவோ இருந்தால் முந்தைய வால்விலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கண்டன்சர் ஒழுகுகிறது, அல்லது பயாஸ் சர்க்யூட் செத்துவிட்டது. அந்த நிலையில் செருகினால் புது வால்வின் தகடு (கரண்ட் பாயும் உள் உலோகப் பிளேட்) ஒரு நிமிடத்தில் சிவந்துவிடும். எண் சரியாக இருந்தால் பயாஸ் பாட்டை (திருப்பி அளவை மாற்றும் திருகை) மைனஸ் அதிகமாக வரும் கோடிக்குத் திருப்பி வையுங்கள்.

அணைத்து, கண்டன்சரின் வோல்ட்டேஜை மறுபடி இறக்கி, நாலாம் பின்னில் இருக்கும் ஸ்கிரீன் ரெசிஸ்டரையும் அளந்துவிடுங்கள். இஎல்34 ஆம்பில் பெரும்பாலும் 1 கிலோ ஓம், 5 வாட். பழைய வால்வு ஷார்ட்டாகிச் செத்திருந்தால் இது கருகியோ ஓப்பனாகியோ இருக்கும்.

இனி வால்வைப் போடலாம். ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். வால்யூம் பூஜ்யத்தில். ஸ்டாண்ட்பையில் ஒரு நிமிடம் சூடேறட்டும், பிறகு ஆன். எட்டாம் பின்னுக்கும் சேசிஸுக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அதில் வரும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்ப். இல்லாத ஆம்புக்கு, சாக்கெட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் செருகும் பயாஸ் புரோப் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்கு இதுதான். இஎல்34-ன் தகடு தாங்குவது 25 வாட். சும்மா இருக்கும்போது அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட், மேல் எல்லை. மூன்றாம் பின்னில் 450 வோல்ட் என்றால் 17.5-ஐ 450-ஆல் வகுக்க 39 மில்லிஆம்ப். அந்த எல்லையில் போய் நிற்க வேண்டியதில்லை, 35-இல் நிறுத்துங்கள். காதுக்கு வித்தியாசம் சொற்பம், வால்வின் ஆயுளுக்கு அது பெரிது. கரண்ட் ஏறும்போது தகட்டு வோல்ட்டேஜ் இறங்கும், அதனால் ஒவ்வொரு திருப்பலுக்கும் இரண்டையும் அளக்க வேண்டும். கால் மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள், எண் நகர்ந்திருக்கும்.

ஒரு வால்வு 34, மற்றது 48 காட்டினால் அணைத்து, ஆறவிட்டு, இரண்டையும் இடம் மாற்றுங்கள். 48 வால்வோடு சேர்ந்து போனால் ஜோடி சரியில்லை, திருப்பிக் கொடுங்கள். 48 அதே சாக்கெட்டில் நின்றால் கோளாறு ஆம்பில்.

சுவர் பிளக்கின் வோல்ட்டேஜையும் எழுதி வையுங்கள். 230-இல் வைத்த பயாஸ், லைன் 250 ஆனால் நிற்காது. 6.3 வோல்ட் ஹீட்டர் 6.85 ஆகிறது, தகட்டு வோல்ட்டேஜும் அதே வீதத்தில் ஏறுகிறது. ராத்திரியில் லைன் ஏறும் தெருவாக இருந்தால், கச்சேரி நடக்கும் அந்த நேரத்திலேயே அளந்து வையுங்கள். ஏற்ற இறக்கம் மோசமென்றால் 500 விஏ ஸ்டெபிலைசர் இந்த ஆம்புக்குத் தாராளம்.

கேள்வி: சர்ச்சில் இருப்பது இஎல்84 போட்ட சின்ன ஆம்ப். இதற்கும் பயாஸ் வைக்க வேண்டுமா? (ஆம்பூர்)

பதில்: மாடலைப் பொறுத்தது. வாக்ஸ் ஏசி30 போன்றவை கேதோட் பயாஸ், தானே சரிசெய்துகொள்ளும். நன்றாக மேட்ச் ஆன வால்வுகளை வாங்கிச் செருகினால் போதும். ஃபெண்டர் புளூஸ் ஜூனியரும் இஎல்84தான், ஆனால் பயாஸ் நிலையானது, திருப்ப பாட் கிடையாது. அதற்கு வால்வு வாங்கும்போதே கரண்ட் குறைவாக இழுக்கும் ஜோடியைக் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் ஆம்பின் முதுகைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில் வால்வுக்கு ஒன்றும் ஆகாது, பக்கத்தில் இருக்கும் கண்டன்சர்தான் வெந்துபோகும்.

கேள்வி: 6எல்6 கிடைக்கவில்லை. பின் ஒன்றாகத்தானே இருக்கிறது, இஎல்34 போடலாமா? (ஆற்காடு)

பதில்: வேண்டாம். 6எல்6-ன் ஹீட்டர் 0.9 ஆம்பியர், இஎல்34 கேட்பது 1.5. உங்கள் பவர் டிரான்ஸ்ஃபார்மர் அந்தக் கூடுதலைத் தாங்குமா என்பதை உறுதிசெய்யாமல் போடக் கூடாது. மேலும் இஎல்34-இல் முதலாம் பின்னை எட்டாம் பின்னோடு இணைத்திருக்க வேண்டும், 6எல்6 ஆம்பில் பெரும்பாலும் அந்த இணைப்பு இருக்காது. இரண்டு வாரம் காத்திருந்து சரியான வால்வையே வாங்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஜோடியில் ஒன்று பத்தே நாளில் தகடு சிவந்து ஃபியூஸைப் பறித்தது. ‘கண்ணாடிப் பொருள், ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார் விற்றவர். என்ன செய்யலாம்? (வேலூர், சத்துவாச்சாரி)

பதில்: ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று அவர் சொல்வதோடு விஷயம் முடிந்துவிடாது. பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. ஆனால் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, ‘உங்கள் ஆம்பில் கோளாறு இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?’ அது நியாயமான கேள்விதான். ராணிப்பேட்டை வாசகருக்குச் சொன்ன ஐந்தாம் பின் அளவு, ஸ்கிரீன் ரெசிஸ்டர் அளவு, பயாஸ் வைத்தபோது இருந்த தகட்டு வோல்ட்டேஜும் மில்லிஆம்பும், இவை மூன்றையும் மெக்கானிக்கிடம் தேதியோடு எழுதி வாங்குங்கள். அளவுகள் சரியாக இருந்தால் உங்கள் பக்கம் பலம். ஐந்தாம் பின்னில் மைனஸ் இல்லை என்று தெரிந்தால் விற்றவர்மேல் தப்பில்லை, ஆம்பைச் சரிசெய்யுங்கள்.

வால்வு, பெட்டி, பில் மூன்றையும் படம் எடுத்து, பில்லில் சொன்ன காலமோ 30 நாளோ முடிவதற்குள் விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போட சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, கால வரம்பு இரண்டு வருடம். அதுவரை பறிபோன ஃபியூஸுக்குப் பதிலாக அதே அளவு, அதே ஸ்லோ-புளோ வகையையே போடுங்கள். ‘ஒரு சைஸ் பெரிசு’ போட்டால் அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மர், அதற்கு யாரிடமும் பணம் கேட்க முடியாது.