நாலு நாள் நின்றால் கார் கிளம்பவில்லையா? டைனமோவை மாற்றும் முன்...

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறேன். ஆறு வருடப் பெட்ரோல் கார், சனி ஞாயிறுதான் எடுப்பேன். சனிக்கிழமை சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி மாற்றி எட்டு மாதம்தான் ஆகிறது. “டைனமோ போச்சு, 11,000 ரூபாய் ஆகும்” என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். அடுத்த சனிக்கிழமை சாவியைத் தொடும் முன் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரிலோ, அதற்குக் கரண்ட் போகும் வழியிலோ கோளாறு இருக்கலாம். 12-க்குக் கீழே என்றால் பேட்டரி வடிந்திருக்கிறது.

டைனமோ என்பது எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம். அதைப் பார்க்க, எஞ்சின் ஓடும்போது அதே இடத்தில் அளந்தால் போதும். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் அது வேலை செய்கிறது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பேட்டரி மைனஸ் முனையில் சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும் புதிய வண்டிகளில், பெட்ரோலை மிச்சப்படுத்த கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைக்கும். மீட்டர் 12.8 காட்டலாம். அதைப் பார்த்து டைனமோவைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். ஹெட்லைட், ஏசி இரண்டையும் போட்டு மறுபடி அளங்கள், ஏறினால் நல்லது. அந்த வண்டியில் டேஷ்கேமரா போன்றவற்றை மாட்டினால், அதன் எர்த் (மைனஸ்) வயரை நேராக மைனஸ் முனையில் மாட்டவும் கூடாது. சென்சாரின் கணக்கு தப்பிவிடும். பாடிப் பக்கம்தான் மாட்ட வேண்டும்.

வடிகிறது என்றால் கணக்கு எளிது. 45 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 0.05 ஆம்பியர் கசிந்தால் காலியாக 37 நாளுக்கு மேல் ஆகும். அரை ஆம்பியர் கசிந்தால் 90 மணி நேரம். நாலு நாள்கூட இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை நிற்கும் உங்கள் வண்டிக்கு அது போதும். மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவில் இணையுங்கள். கதவுகளைச் சாத்தி அரை மணி நேரம் பொறுங்கள். அப்புறம் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தால், எதை எடுக்கும்போது அளவு சட்டென்று விழுகிறதோ அந்த லைன்தான் திருடன். எதற்கும் விழவில்லை என்றால் அப்போது டைனமோவுக்குள் கரண்ட் திரும்பி ஓடாமல் தடுக்கும் டயோடைச் சந்தேகிக்கலாம். இப்படி மீட்டர் இணைத்திருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

பெரும்பாலும் மாட்டுவது ஆக்சசரி கடைக்காரர் போட்ட டேஷ்கேமராதான். எந்த வயர் எதற்கு என்று பார்க்காமல் ஒன்றைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றிவிடுகிறார்கள். ஃபியூஸ் போனால் சிவப்பு 10 ஆம்பியரை எடுத்துவிட்டுப் பச்சை 30 ஆம்பியரைச் செருகுகிறார்கள். அதன்பின் ஃபியூஸ் எரியாது, வயர் எரியும். வீட்டில் ஒரு பாயிண்ட் போட லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேண்டும். கார் வயரை வெட்ட ஒரு கட்டிங் பிளையர் போதும். யாரும் கேட்பதில்லை.

12.6 இருந்தும் ‘டிக்’ மட்டும் வந்தால் எர்த்தை, அதாவது பேட்டரி மைனஸை பாடியோடும் எஞ்சினோடும் இணைக்கும் வயரைப் பாருங்கள். கடற்கரையோரம் நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்றுதான் எதிரி. கடலூர் முதுநகரிலிருந்து வந்த ஒரு வண்டியில் கறுப்பு எர்த் வயரின் போல்ட் வெளியே பளபளவென்று இருந்தது, கழற்றினால் அடியில் பச்சைப் பொடி. அந்த இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே, செல்ஃப் இழுக்கும் 150 ஆம்பியருக்கு 3 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். சின்ன பல்ப் வைத்துச் சோதித்தால் நன்றாகவே எரியும், ஏனென்றால் அது இழுப்பது கொஞ்சம் கரண்ட். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் அளக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி, வாசலின் பூசினால் முடிந்தது.

இன்னொன்று. “புதுச்சேரி விலையில் பேட்டரி வாங்கித் தருகிறேன்” என்று எவராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். பெட்ரோல் ஜிஎஸ்டியில் இல்லை, அதனால் அங்கே விலை வேறு. பேட்டரிக்கு 2017 முதல் இரண்டு ஊரிலும் ஒரே வரி. அப்படி விலை குறைகிறது என்றால் பெரும்பாலும் பில் இருக்காது, வாரண்டி கார்டில் கடை முத்திரையும் இருக்காது. எட்டு மாதத்தில் போன பேட்டரிக்கு வாரண்டி கேட்கவே இங்கே மூன்று முறை அலைய வேண்டும். அந்தக் கார்டும் இல்லாமல் போனால் கவுண்டரில் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். உங்கள் கார்டை இன்றைக்கே எடுத்து, முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.