மூச்சைக் கவனித்தால் நெற்றி இறுகுவது

தியானத்தில் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பத்தே நிமிடத்தில் நெற்றி இறுகி மூச்சு திணறுகிறது என்றீர்களே, உட்கார்ந்திருக்கும் உடல் முழுவதையும் உணருங்கள். மூச்சு அதனுள் வந்து போகட்டும்.

கவனிப்பதாக நினைத்து மூச்சை நீங்களே இழுத்துக்கொண்டிருக்கலாம். மூச்சுத் தியானம் பற்றிய புத்தரின் போதனையான ஆனாபானசதி சூத்திரத்தின் 16 படிகளில் நான்காவதே உடலியக்கத்தை, அதாவது மூச்சை, தணிப்பதுதான். மனம் ஒன்றிலேயே குவியும் ஒருமுனைப்பை எட்டும் அவசரத்தில் அதைத் தாண்டிக் குதிப்பவர்கள் ஏராளம்.

ஒன்று செய்து பாருங்கள். மூச்சு வெளியேறி முடிந்ததும் அடுத்ததை இழுக்காமல் காத்திருங்கள். அது தானாக வரும், வயிறு மெல்ல எழும். அப்போது பற்கள் கடித்தபடி இருந்தால் முயற்சி இன்னும் மிச்சமிருக்கிறது.

ஆனால் தளர்வு தூக்கமாகிவிடக் கூடாது. அளவுக்கு மீறி முயன்ற சீடர் சோணருக்குப் புத்தர் சொன்ன வீணை நரம்பை நினைத்துக்கொள்ளுங்கள்: மிகவும் இறுகினாலும் மிகவும் தளர்ந்தாலும் இசை எழாது. கண் சொக்கினால் இமைகளைச் சற்றே திறந்துவையுங்கள். எழுந்த பிறகும் தலைவலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.